தனசேகர் மாமாவின் வண்டியும் நான் அமுக்காத பட்டனும்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தால், போய்ச் சேரும்வரை என் காலாலும் பிரேக் போட்டுக்கொண்டே வருவேன். குக்கர் மூன்றாவது விசிலுக்குத் தயாராகும்போது சமையலறைப் பக்கம் என்னைப் பார்க்க முடியாது. இப்படிப்பட்டவன் இருபத்து நான்கு வயதில் ஒரு மோட்டார் சைக்கிளில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர் மாட்டினான் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த வண்டி அவனுடையதே இல்லை என்று சொன்னால் உடனே நம்பிவிடுவீர்கள்.

வண்டி என் அக்கா வீட்டுக்காரர் தனசேகர் மாமாவுடையது. கல்யாணத்துக்கு முன்பே ஆசை ஆசையாக வாங்கிய நூற்றைம்பது சி.சி. வண்டி. கத்தாருக்கு வேலைக்குக் கிளம்பியபோது அதை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று ஒரு வாரம் யோசித்தார். அக்காவை எங்கே விடுவது என்று யோசிக்க அவருக்கு அரை நாள்கூட ஆகவில்லை. அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். கடைசியில் அக்காதான் எனக்காக ஜாமீன் நின்றாள். "தம்பி கைல குடுத்துட்டுப் போங்க. ஒரு கீறல் வுழுந்தா என்னக் கேளுங்க" என்றாள்.

மாமாவுக்கு அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளி காலை ஆனால் வீடியோ காலில் வந்துவிடுவார். "வண்டியக் காட்டு" என்பதுதான் முதல் வார்த்தை. நான் போனைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். பின் சக்கரம், செயின், டேங்க், கண்ணாடி என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, "சரி, அக்காகிட்ட குடு" என்பார். (அக்காவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். "அடுத்த வாரம் நானும் எண்ணெ போட்டுக்கினு நிக்கறேன்" என்பாள்.)

நான் அப்போது எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அரியாங்குப்பத்திலிருந்து பாலத்தைத் தாண்டி, முருங்கப்பாக்கம், மரப்பாலம், நூறடி ரோடு என்று தினமும் போக வேண்டும். மாமாவின் வண்டிக்குக் கீறல் விழக் கூடாது என்பதால் நாற்பதைத் தாண்ட மாட்டேன். கம்பெனிப் பையன்கள் எல்லாம் சர் சர்ரென்று என்னைக் கடந்து போவார்கள். கடந்து போனாலும் பரவாயில்லை, பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, "சார், பால் இன்னிக்கு லேட்டா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கம்பெனியில் என் பெயரே பால்காரர் என்று ஆகிவிட்டது. ஒருநாள் முதலாளியே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் லூர்து வந்து சேர்ந்தான். லூர்து என்னோடு பத்தாவது வரை படித்தவன், மேட்டுப்பாளையத்திலேயே ஒரு லேத் பட்டறையில் வேலை. அவன் எதையும் போனில் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடியவன். அப்படிப் பார்த்துக் கற்றுக்கொண்டு தன் வீட்டு ஃபிரிட்ஜைப் பிரித்தவன். (அது இன்னும் பிரித்தபடியேதான் இருக்கிறது. அதில் துணி மடித்து வைத்திருக்கிறார்கள்.)

"மச்சி, ஒரு சின்ன பாட்டில். சீட்டு கீழ வெச்சிட்டா வெளிய தெரியாது. ஒரு பட்டன். அமுக்கினா போதும், அவனுங்க எல்லாம் கண்ணாடில புள்ளியா தெரிவானுங்க" என்றான்.

பாட்டிலில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. பல் பிடுங்கும்போது வலி தெரியாமல் இருக்க டாக்டர்கள் மூக்கில் வைக்கிறார்களே, அதே வாயுதான். எஞ்சினுக்குள் போனால் சூட்டில் பிரிந்து கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கும். பெட்ரோல் மூர்க்கமாக எரியும், வண்டி பாயும். இவ்வளவுதான் சங்கதி. பெங்களூரில் யாரோ கழற்றிப் போட்ட பழைய சாமான்களை லூர்து எங்கிருந்தோ வாங்கி வந்தான். வாயுவை எங்கே நிரப்பினான் என்று இன்றுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாட்டி முடித்தான். இடது கைப்பிடியில், ஹாரனுக்கு ஒரு விரல் தள்ளி, சிவப்பாக ஒரு பட்டன்.

மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "ஒண்ணே ஒண்ணு மச்சி. வண்டி நல்ல வேகத்துல போவும்போதுதான் அமுக்கணும். நின்ன எடத்துலயோ மெதுவா போவும்போதோ அமுக்கிட்டா உள்ளயே சேந்துக்கினு வெடிச்சிடும்."

"வெடிச்சிடும்னா?"

"வெடிச்சிடும்னா வெடிச்சிடும்."

"வெடிச்சா இன்னா பண்றது?"

"அதான் அமுக்காதன்னு சொல்றனே."

அன்றோடு என் நிம்மதி போயிற்று. மறுநாள் காலையிலிருந்து வண்டியில் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே ஒரு வெடிகுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிற நினைப்பு. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் கண்ணை மூடிக்கொள்வேன். இடது கட்டைவிரலைக் கைப்பிடிக்கு வெளியே நீட்டியபடியே ஓட்டக் கற்றுக்கொண்டேன். தெரியாமல்கூட அது பட்டன் மேல் பட்டுவிடக் கூடாதல்லவா? எதிரே வருகிறவர்கள் நான் யாருக்கோ 'வெற்றி' என்று காட்டுவதாக நினைத்துக்கொண்டு பதிலுக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். முன்பு நாற்பதில் போய்க்கொண்டிருந்தவன் இப்போது முப்பத்தைந்துக்கு இறங்கிவிட்டேன்.

தினமும் பாலத்தில் ஏறும்போது இன்றைக்கு அமுக்கிவிடுவது என்று முடிவு செய்வேன். பாதிப் பாலத்தில் ஒரு சாக்கு கிடைத்துவிடும். முன்னால் ஒரு லாரி இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மழை தூறுகிறது, ரோடு வழுக்கும். ரோடு காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் இவ்வளவு காலியாக இருப்பது சரியில்லையே. இப்படியே ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஐந்து வாரமும் வெள்ளிக்கிழமை வீடியோ காலில் இடது கைப்பிடி வரும்போது போனை வேகமாகத் திருப்பிவிடுவேன். படம் ஆடும். "நெட்டு சரியில்ல மாமா" என்பேன்.

மாமா தீபாவளிக்குத்தான் வருவதாக இருந்தது. அதற்குள் லூர்துவை வைத்து எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆயுதபூஜை அன்று காலை ஏழு மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். மாமா இறங்கினார், சிரித்தார், பெட்டியை வைத்தார், நேராக வண்டியிடம் போனார்.

"வண்டிக்கு என் கையால பூஜ போடலாம்னுதான் ஓடியாந்தேன். சாவி எங்க?"

கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது? சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சாவி இல்லாமல் சீட்டைத் திறக்க முடியாது. சீட்டைத் திறக்காமல் பாட்டிலின் வால்வை மூட முடியாது. கொல்லைப்பக்கம் ஓடி லூர்துவுக்குப் போன் அடித்தேன். அவன் தன் சின்னம்மா வீட்டுக்குக் காரைக்கால் போயிருந்தான்.

"வால்வ மட்டும் மூடிடு மச்சி, ஒண்ணும் ஆவாது" என்றான்.

"சாவி அவர்கிட்ட இருக்குடா."

"அப்ப அவரையே மூடச் சொல்லு."

போனை வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தால் மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என் உயிர் என்னிடம் இல்லை.

"மாமா, நீங்க ராத்திரி பூரா பிளைட்ல வந்திருக்கீங்க. போய்ப் படுங்க, நான் கழுவறேன். சாவிய மட்டும் குடுங்க, சீட்டு கீழ தொடைக்கணும்."

"சீட்டு கீழயா? அத நானே தொடைக்கறேன் வுடு" என்று பையில் கை விட்டார்.

"வேணாம் மாமா. நேத்துதான் தொடைச்சேன்."

"இப்பதான தொடைக்கணும்ன?"

"இப்பதான் ஞாபகம் வந்துது மாமா, நேத்தே தொடைச்சிட்டேன்னு."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்தார். துணி சிவப்புப் பட்டனில் வந்து நின்றது.

"இது இன்னாடா மச்சான்?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான்கு திட்டு, ஒரு அறை, அக்காவின் அழுகை, அதோடு போயிருக்கும். என் வாய் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"ஹாரன் மாமா. ரெண்டாவது ஹாரன். நல்லா சத்தமா அடிக்கும்."

மாமா அமுக்கிப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாவி போடாத வண்டி, ஒன்றும் ஆகவில்லை.

"அடிக்கலையே?"

"வண்டி ஆன்ல இருந்தாதான் அடிக்கும்" என்றேன். பெரிய முட்டாள்தனமான பதில் என்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

பத்து மணிக்குப் பூஜை. எங்கள் தெருவில் ஆயுதபூஜை என்றால் ஆளுக்கு ஆள் வண்டியைத் தெருவில் நிறுத்திவிடுவார்கள். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அவளுக்குச் சந்தனம் வைக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. டேங்குக்கு மூன்று பொட்டு, விளக்குக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, சைலன்சருக்குக்கூட ஒன்று. பிறகு கைப்பிடியில் சாமந்தி மாலையைச் சுற்றினாள். மாலை நீளமாக இருந்தது. சுற்றிச் சுற்றி, வண்டியின் உண்மையான ஹாரன் மாலைக்கு அடியில் மூடிப்போனது. சிவப்புப் பட்டன் மட்டும் பூவுக்கு நடுவே எட்டிப் பார்த்தது. அம்மா அதற்கும் குனிந்து ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள்.

கேட்டுக்கு முன்னால் பூசணிக்காயை உடைத்தார்கள். குங்குமம் கரைத்து ஊற்றிய காய், தெருவெல்லாம் சிவப்பாகச் சிதறியது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாமா வண்டியில் ஏறினார்.

"மாமா, இந்த வருஷம் தள்ளிக்கினே ஏத்திடலாம் மாமா. எஞ்சினு வேணாம்."

"ஏன்?"

"பொக சாமிக்கு ஆவாது."

"போடா அந்தாண்ட. நல்ல நாளும் அதுவுமா வண்டிய ஊமையா எடுப்பாங்களா" என்றாள் அம்மா. அக்கா கற்பூரத் தட்டோடு பக்கத்தில் நின்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அவள் சொல்லித்தானே மாமா என் கையில் வண்டியைக் கொடுத்தார்.

மாமா வண்டியை ஸ்டார்ட் செய்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். முதல் கியரைப் போட்டார்.

"மூணு தபா ஹாரன் அடிச்சிட்டுத்தான் எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலை மாலைக்குள் விட்டுத் தேடினார். ஹாரன் அகப்படவில்லை. சிவப்பாகத் தெரிந்த இன்னொன்று அகப்பட்டது. "மச்சான் போட்ட ஹாரன்தான் இருக்கே" என்றார்.

நான் "மாமா" என்றேன். சத்தமே வரவில்லை. காற்றுதான் வந்தது.

வண்டி முதலில் ஒரு கனைப்புக் கனைத்தது. பிறகு வெடித்தது. அணுகுண்டு என்றெல்லாம் சொல்ல மாட்டேன், எங்கள் தெரு நாய்கள் நான்கு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தன என்பதை மட்டும் சொல்கிறேன். பக்கவாட்டு மூடி பிய்த்துக்கொண்டு பறந்து பொரிகடலைத் தட்டில் போய் விழுந்தது. மாமா பயத்தில் கிளட்சை விட்டுவிட்டார். வண்டி மூன்று அடி பாய்ந்து, கேட்டில் கட்டியிருந்த வாழைக்கன்றில் மோதி, அணைந்து, சாய்ந்தது. எலுமிச்சம்பழம் நசுங்காமல் உருண்டு ஓடியது.

மாமா பூசணிக்காய்க்கு நடுவே மல்லாந்து கிடந்தார். சட்டையெல்லாம் சிவப்பு, முகமெல்லாம் சிவப்பு. அக்கா தட்டைப் போட்டுவிட்டு "ஐயோ" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. நான் மாமாவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டன. ஓடிப் போய்த் தூக்கக்கூட வரவில்லை.

மாமா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கன்னத்தைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"குங்குமம்" என்றார்.

மில்லில் முப்பது வருடம் தறிச் சத்தத்தில் நின்று காது மந்தமாகிப்போன அப்பா, வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடி அப்போதுதான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "யாரோ கூப்ட்ட மாதிரி இருந்துச்சே" என்றார்.

மூடி பறந்த இடத்தில், சீட்டுக்குக் கீழே, பாட்டில் பளபளவென்று தெரிந்தது. மாமா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை, அது பின்னால் வருகிறது. அம்மா, "அடுப்பு கேஸக் கொண்டாந்து வண்டில வெச்சியாடா பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மாமா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மூன்று நாள் வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. மற்றவர்கள் பேசாததைத் தாங்கிக்கொண்டேன். அக்கா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனபோது அழுகை வந்தது. மாமா அவளையும் ஒன்றும் கேட்கவில்லை. 'என்னக் கேளுங்க' என்று சொன்னவளிடம் அவர் எதுவும் கேட்காமல் இருந்ததுதான் அவளை வாட்டியது. மாமா ஊருக்குப் போகும்வரை இப்படியே இருந்துவிடுவாரோ, போன பிறகு வெள்ளிக்கிழமைகளில் போனே வராதோ என்று நான் மூலையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் முதலியார்பேட்டை மெக்கானிக்கிடமிருந்து வண்டியை எடுக்க மாமா என்னைக் கூட வரச் சொன்னார். கார்புரேட்டர் மாற்றி, மூடி மாற்றி, பாட்டிலைக் கழற்றிப் போட்டாகிவிட்டது. திரும்பும்போது மாமா ஓட்டினார், நான் பின்னால். பாலத்தின் நடுவில் ஓரமாக நிறுத்தி இறங்கினார். ஆற்றில் தள்ளிவிடப் போகிறார் என்று நினைத்தேன். தள்ளினால் தள்ளட்டும் என்றும் நினைத்தேன்.

"மச்சான், கேக்கறதுக்கு உண்மைய சொல்லு. எவ்ளோ போச்சு?"

"இன்னா மாமா?"

"ஸ்பீடுடா. நீ அமுக்கினப்ப எவ்ளோ போச்சு? நூறு? நூத்திப் பத்து?"

அவர் கண்ணைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது என்கிற ஆவல்தான் இருந்தது. மூன்று நாளாக மனிதர் இதைத்தான் அடக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"அமுக்கவே இல்ல மாமா."

"ஒரு தபா கூடவா?"

"பயமா இருந்துச்சு மாமா."

மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். "அஞ்சு வாரம்" என்றார். "அஞ்சு வாரம் சீட்டு கீழ வெச்சிக்கினு." அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய்க் கிட்டே போனால், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை நிறுத்த முடியாமல் பாலத்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப அந்த பட்டன அமுக்கின ஒரே ஆளு நான்தானா? அதுவும் மூணு அடி" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மீட்டரப் பாக்காம வுட்டுட்டனேடா."

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், "உன் தம்பிய ஒண்ணும் சொல்லாத. அவன் வண்டிய ஒழுங்காத்தான் ஓட்டியிருக்கான். நான்தான் கெடுத்துட்டேன்" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "சோறு போடட்டா, இல்ல அதுக்கும் பயமா?" என்பதுதான். அன்றைக்கு நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் பட்டன் என்று எது இருந்தாலும் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். லிஃப்டில் ஏறினால் பார்ப்பார்கள். ஓட்டுப் போடக் கிளம்பினால், "அமுக்கிட்டு வருவியா, இல்ல அஞ்சு வாரம் ஆவுமா?" என்று அப்பாகூடக் கேட்பார். மறுவருடம் அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தபோது, வலி கண்டதும் நர்ஸைக் கூப்பிடக் கட்டில் பக்கத்தில் ஒரு பட்டன் இருந்தது. அக்கா என் கையைப் பிடித்து நெரிக்கிறாள். நான் அமுக்கலாமா, கூடாதா, சும்மா கூப்பிட்டால் திட்டுவார்களோ என்று பட்டனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீடியோ காலில் கத்தாரிலிருந்து மாமா சொன்னார்: "டேய் மச்சான், அமுக்குடா. அது நர்ஸுடா."

அமுக்கினேன். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கு இப்போது நான்கு வயது. போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் புதிதாக மிக்ஸி வாங்கி வந்திருந்தார்கள். நான் சும்மா பக்கத்தில்தான் நின்றேன். குழந்தை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, என்னைக் கையால் ஓரம் தள்ளினாள்.

"நீ தள்ளி நில்லு மாமா. நான் அமுக்கறேன்" என்றாள்.